காலாவதியான ரோல்

என்னிடம் இருக்கும் கேமராக்களில் ஒன்றுகூட என்னைவிட இளையது இல்லை. அப்பா வைத்திருந்த அக்ஃபா கிளிக் III, கோவை உக்கடம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய மிக்ஸி மோட்டார்களுக்கு நடுவே கிடந்த ரஷ்ய ஜெனிட்-இ, சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த யாஷிகா எலக்ட்ரோ 35, மேட்டுப்பாளையத்தில் ஸ்டூடியோவை மூடியபோது ஒரு பெரியவர் என் கையில் கொடுத்த லூபிடெல் 2. நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் அல்ல. கூட்டுறவு வங்கியில் பற்று வரவு பார்ப்பவன். படம் எடுப்பது விடுமுறை நாள் வேலை.

இவற்றில் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே போனால் எதிர்ப்படுகிறவர்கள் தவறாமல் கேட்பார்கள்: “இதுக்கெல்லாம் இன்னும் பிலிம் கிடைக்குதுங்களா?” கிடைக்கிறது. இங்கிலாந்தில் இல்ஃபோர்டு, செக் நாட்டில் ஃபோமா, அமெரிக்காவில் கோடாக் எல்லாம் கருப்பு வெள்ளை பிலிமை இன்னும் தயாரிக்கின்றன. ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வந்துவிடும். என்னைப் பித்துப் பிடிக்க வைத்தவை அவை அல்ல. தயாரிப்பே நின்றுபோன பிலிம்கள். ஊட்டியில் செய்த இந்து, கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ, கோடாக்கின் கோடாகுரோம். இவற்றோடு சில ஆண்டுகள் மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் கிளிக். பரோடாவில் இருந்த நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் அக்ஃபாவின் பெயரில் செய்து விற்ற கேமரா அது. நடுத்தரக் குடும்பங்கள் சுற்றுலாவுக்கும் காதுகுத்துக்கும் தூக்கிப்போனது பெரும்பாலும் இதைத்தான். உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக். ஃபோகஸ் பண்ணும் வேலை கிடையாது. ஆளை மூன்று நான்கு மீட்டர் தள்ளி நிறுத்தினால் போதும். வெளிச்சத்துக்கு வெயில், மேகம் என்று குறிகள். பின்கதவில் பொத்தான் அளவுக்கு ஒரு சிவப்புச் சன்னல். 120 ரோலைப் போட்டு மூடி, மேலே உள்ள திருகைச் சுற்றிக்கொண்டே போனால் பிலிமுக்குப் பின்னால் ஒட்டிய தாளில் அச்சிட்டிருக்கும் எண் அந்தச் சன்னலில் வந்து நிற்கும். ஒரு ரோலுக்கு 12 சதுரப் படங்கள்.

120 என்னும் அளவைக் கோடாக் 1901இல் தன் பிரவுனி கேமராவுக்காகக் கொண்டுவந்தது. இன்றும் அதே அகலம், அதே சுருள். அதனால் அப்பாவின் கிளிக்கில் போன வாரம் வாங்கிய ரோலும் ஏறும். 620 என்னும் இன்னோர் அளவுக்கு அந்த யோகம் இல்லை. அதற்கும் இதற்கும் பிலிம் ஒன்றுதான். சுருளின் தண்டு மட்டும் மெலிது. 1995இல் கோடாக் அதை நிறுத்தியதும், நல்ல நிலையில் இருந்த கேமராக்கள்கூட ஷோகேஸுக்குப் போய்விட்டன. இருட்டில் உட்கார்ந்து 120 ரோலைப் பிரித்து 620 சுருளில் மாற்றிச் சுற்றத் தெரிந்தவர்கள் கையில் மட்டும் அவை இன்னும் ஓடுகின்றன.

மேட்டுப்பாளையத்துப் பெரியவரின் ஸ்டூடியோ பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. மூலையில் ஆலப்புழையில் செய்த வாகீஸ்வரி கேமரா, தேக்கு உடம்பும் பித்தளைப் பூணும் பெல்லோஸுமாக நின்றுகொண்டிருந்தது. தென்னிந்திய ஸ்டூடியோக்களில் ஒரு தலைமுறையே அப்படிப்பட்ட கேமராவுக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டது. டிஜிட்டல் வந்தபின் பாஸ்போர்ட் படம், ஜெராக்ஸ், லேமினேஷன் என்று ஓட்டிப் பார்த்துவிட்டு அவர் கடையைக் காலி செய்தார். நான் போவதற்குள் நெகடிவ்களை எல்லாம் வெள்ளி எடுக்கிறவர்கள் எடைக்கு வாங்கிப் போயிருந்தார்கள். அலமாரியின் கீழ்த்தட்டில் ஓர் அட்டைப்பெட்டி மட்டும் மிச்சம். அதற்குள் பிரிக்காத இந்து ரோல்கள், கொஞ்சம் ஆர்வோ. பெட்டிகளின் மேல் இருந்த காலாவதித் தேதி தொண்ணூறுகளின் தொடக்கம்.

“வேண்டாங்க தம்பி. இதுல ஒண்ணும் வராது” என்றார்.

“எடுத்துத்தான் பாக்கலாமுங்கய்யா” என்றேன்.

“கேமரா பாத்திரம், பிலிம் பாலுங்க தம்பி. பாத்திரம் அம்பது வருசம் கிடக்கும். பால் கிடக்குமா?”

பெட்டியோடு சேர்த்து லூபிடெல்லையும் கொடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகு நான் செய்த சோதனைகள் எல்லாம் கடைசியில் அந்த ஒரு பேச்சுக்குத்தான் சாட்சி சேர்த்தன.

இந்து பிலிம் எங்கள் தலைக்கு மேலே இருக்கும் மலையில் தயாரானது. ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் மத்திய அரசு நிறுவனமாக ஊட்டியில் தொடங்கப்பட்டது. தொழில்நுட்பம் பிரான்ஸின் போஷே நிறுவனத்துடையது. 1967இல் உற்பத்தி ஆரம்பித்தது. பிலிம் செய்யக் குளிர்ச்சியும் தூசியில்லாத காற்றும் வேண்டும். பூச்சில் ஒரு துகள் விழுந்தாலும் படத்தில் புள்ளியாகத் தெரியும். ஊட்டியைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். ரோல் பிலிம், போட்டோத் தாள், எக்ஸ்ரே பிலிம், சினிமா பிலிம் என்று எல்லாம் அங்கிருந்து வந்தன. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலத்தில் சிறிய ஸ்டூடியோக்களின் பிழைப்பு அந்த ஆலையை நம்பித்தான் நடந்தது. கலர் பரவியது, இறக்குமதி திறந்துவிடப்பட்டது, கடன் ஏறியது. தொண்ணூறுகளில் அது நலிந்த நிறுவனங்களின் பட்டியலில் சேர்ந்தது. 2014இல் ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இந்து நகர் என்ற பெயர் மட்டும் ஊட்டியில் நிலைத்துவிட்டது.

பிரிக்காத ரோல் ஏன் கெடுகிறது என்று கேட்கலாம். பிலிமின் மேல் இருப்பது ஜெலட்டினில் கலந்து பூசிய வெள்ளி உப்புத் துகள்கள். வெளிச்சம் பட்ட துகள் டெவலப்பரில் கருக்கும். படாதது கருக்காமல், பிறகு ஹைப்போ என்னும் கரைசலில் கரைந்துபோகும். ஆனால் வெப்பமும் ஈரமும் இயற்கையாகவே நம்மைச் சுற்றியுள்ள கதிர்வீச்சும் வெளிச்சத்தின் வேலையைத் துளித்துளியாகச் செய்துகொண்டே இருக்கின்றன. வருடங்கள் போகப் போக, வெளிச்சமே படாத இடமும் கழுவினால் சாம்பல் நிறத்தில் வரும். ஸ்டூடியோக்காரர்கள் இதை ‘ஃபாக்’ என்பார்கள். வேகமான பிலிமுக்கு இது சீக்கிரம் வரும், மெதுவான பிலிம் தாக்குப்பிடிக்கும். அதனால் பத்து வருடப் பழசுக்கு ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் கொடுப்பது எங்களைப் போன்றவர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு. முப்பது வருடத்துக்கு மூன்று ஸ்டாப், அதாவது எட்டு மடங்கு. பிலிமின் வேகத்தைச் சொல்லும் எண்தான் ஏஎஸ்ஏ. 125 ஏஎஸ்ஏ பிலிமை 16 என்று நினைத்துக்கொண்டு எடுக்க வேண்டும்.

இங்கேதான் அப்பாவின் கிளிக் கைகொடுத்தது. நல்ல வெயிலில் லென்ஸின் துளை அளவைப் பதினாறில் வைத்து, பிலிமின் ஏஎஸ்ஏ எதுவோ அந்த எண்ணையே ஷட்டர் வேகமாக வைக்க வேண்டும் என்பது மீட்டர் இல்லாத காலத்துச் சூத்திரம். 16 ஏஎஸ்ஏ என்றால் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு நொடி. அதுவே லென்ஸ் பதினொன்றில் முப்பதில் ஒரு பங்கு. கிளிக்கின் வெயில் குறி கிட்டத்தட்ட அந்த அளவுதான். புது பிலிமுக்கு அளவுக்கு மீறி வெளிச்சம் தரும் அந்தக் கேமரா, முப்பது வருடம் கிடந்த இந்துவுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. விலை உயர்ந்த எந்தக் கேமராவிலும் எனக்கு இவ்வளவு சுலபமாகக் கணக்கு ஒத்துவந்ததில்லை.

கிளிக்கில் ஓர் இந்து ரோலைப் போட்டுக்கொண்டு ஊட்டிக்குப் போனேன். ஆலையின் வாசலைச் சாலையில் நின்று எடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கும்போது, பக்கத்தில் இருந்தவர் கேமராவையும் காலிப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அங்கே பூச்சுப் பிரிவில் வேலை பார்த்தவராம். “கோட்டிங்னா முழு இருட்டுங்க. சிவப்பு லைட்டும் போடக் கூடாது. எதிர்ல ஆள் வந்தா மோதிக்காம இருக்க, குரல் கொடுத்துட்டே நடப்போம்” என்றார். எல்லா நிறத்துக்கும் கூசும் பிலிமைச் சிவப்பு விளக்கிலும் செய்ய முடியாது என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். அந்த இருட்டில் வருடக்கணக்காக நடந்த மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

ரோலைக் கழுவியது வீட்டில்தான். டெவலப்பர் டி-76, கோடாக் 1927இல் வெளியிட்ட கலவை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். வரிசை முக்கியம். சல்பைட் முழுவதையும் முதலில் கொட்டினால் மெட்டால் கரையாமல் அடம்பிடிக்கும். ஒரு சிட்டிகை சல்பைட், பிறகு மெட்டால், அதற்குப் பிறகு மற்றவை. போராக்ஸ் வேறொன்றும் இல்லை, நாட்டு மருந்துக் கடையில் விற்கும் வெங்காரம்தான். நான் கோவையில் ரசாயனக் கடையில் சுத்தமானதாக வாங்கினேன். ஹைப்போவும் அங்கேயே கிலோ கணக்கில் கிடைத்தது.

டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும். சித்திரை மாதம் எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் 30க்குக் கீழே இறங்காது. அந்தச் சூட்டில் கழுவினால் ஜெலட்டின் இளகி ஓரத்தில் சுருங்கும். பழைய பிலிமுக்கு இன்னும் மோசம். பெரியவர் அந்தக் காலத்தில் மண்பானைத் தண்ணீரை வைத்து, ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் கழுவுவாராம். நான் பேசினில் ஐஸ் கட்டிகளைப் போட்டு அதற்குள் டேங்கை இறக்கினேன்.

குளியலறைக் கதவிடுக்கில் துணியை அடைத்து, விளக்கை அணைத்து, ரோலைப் பிரித்தேன். முப்பது வருடம் சுருண்டே கிடந்த பிலிம் நிமிர மறுத்து விரலைச் சுற்றிக்கொண்டது. முனையில் பிலிமைத் தாளோடு சேர்க்கும் ஒட்டுநாடாவைப் பிய்க்கும்போது ஒரு நொடி நீலமாகப் பொறி பறந்தது. பசை பிரியும்போது எழும் வெளிச்சம் அது. மெதுவாகப் பிய்த்தால் வராது. ரீலில் ஏற்றி, டேங்கை மூடி, கழுவி, ஹைப்போவில் போட்டு எடுத்தபோது பிலிம் மழைமேக நிறத்தில் இருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்தச் சாம்பலுக்குள் ஆலையின் வாசலும் மரங்களும் தெரிந்தன. வானத்தில் மட்டும் “7” என்ற எண் தெளிவாகப் பதிந்திருந்தது. பின்தாளின் மையும் பிலிமும் இத்தனை வருடம் ஒட்டிக் கிடந்ததில் அந்த எண் பிலிமில் இறங்கிவிட்டது.

அந்த ரோலில் இருந்தவை படங்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் வாசலில் இருந்த பலகையின் எழுத்தைப் படிக்க முடியவில்லை. அதே இடத்தைப் புது ஃபோமா ரோலில் எடுத்தபோது மரத்தின் இலைகூடத் தனித்தனியாக வந்தது. கேமரா அதே கிளிக்.

ஆர்வோ கொஞ்சம் நன்றாக நடந்துகொண்டது. இரண்டாம் உலகப் போருக்கு முன் அக்ஃபாவின் பிலிம் ஆலை இருந்த வோல்ஃபன் நகரில், 1964 முதல் ஆர்வோ என்ற பெயரில் தயாரானது அது. எழுபதுகளின் கடைசியில் வந்த தமிழ்ப் படங்கள் பலவற்றின் டைட்டிலில் ‘ஆர்வோ கலர்’ என்று பார்த்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். என்னிடம் வந்தது அதன் கருப்பு வெள்ளை வகை. 80 ஏஎஸ்ஏ உள்ள என்பி20இல் நிழலும் வெளிச்சமும் பிரிந்து வந்தன. 400 ஏஎஸ்ஏ உள்ள என்பி27 முழுக்கக் கருத்துப்போயிற்று. ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தவைதான் இரண்டும்.

கேமராக்களின் நோய்கள் வேறு மாதிரி, பெரும்பாலும் மருந்து உள்ளவை. ஜெனிட்டின் நெற்றியில் இருக்கும் செலீனியம் மீட்டருக்கு பேட்டரி வேண்டாம். வெளிச்சம் பட்டாலே முள் அசையும். ஆனால் செலீனியம் காலப்போக்கில் சோர்ந்துவிடுகிறது. என் ஜெனிட்டின் முள் உச்சி வெயிலிலும் சோம்பல்தான் முறிக்கிறது. அதனால் வெயிலைப் பார்த்தே கணக்குப் போடுகிறேன், ஒன்றும் குடி முழுகவில்லை. 1966இல் வந்த யாஷிகா எலக்ட்ரோ, 5.6 வோல்ட் பாதரச பேட்டரியை நம்பியது. பாதரசம் நஞ்சு என்பதால் அந்த பேட்டரி கடைகளிலிருந்தே போய்விட்டது. இப்போது கிடைக்கும் 6 வோல்ட் பேட்டரி அதைவிடச் சிறியது. பேனா ஸ்பிரிங்கும் அலுமினியத் தாளும் வைத்து இடைவெளியை நிரப்பினால் கேமரா மறுபேச்சில்லாமல் வேலை செய்கிறது.

டெவலப்பருக்கும் மாற்று உண்டு. 1995இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஓர் ஆசிரியரும் மாணவர்களும் காபித்தூளையும் சலவைச் சோடாவையும் வைத்தே பிலிமைக் கழுவ முடியும் என்று காட்டினார்கள். பிறகு வந்தவர்கள் வைட்டமின் சி சேர்த்து அதைத் தேற்றினார்கள். இதற்கு மலிவான இன்ஸ்டன்ட் காபிதான் சரி. டிகாக்ஷனை வீணாக்க வேண்டாம். படம் அருமையாக வந்தது. நாற்றம்தான் தாங்க முடியாது. “ஏனுங்க, காப்பிக்குப் புடிச்ச கேடா இது?” என்று வீட்டில் கேட்டதோடு அந்தச் சோதனை முடிந்தது.

எதைக் கொண்டும் சமாளிக்க முடியாத ஒன்று இருக்கிறது என்பதைக் கோடாகுரோமில் பார்த்தேன். சித்தப்பாவின் யாஷிகா தோல் உறைக்குள் படம் எடுத்து முடித்த கோடாகுரோம் 64 ரோல் ஒன்று இருந்தது. எண்பதுகளில் நடந்த சின்ன அத்தை கல்யாணம் அது என்று அவருக்கு ஞாபகம். சிங்கப்பூர் போய்க் கழுவிக்கொள்ளலாம் என்று வைத்தவர், வீடு மாறி வேலை மாறி மறந்துவிட்டார்.

1935இல் வந்த கோடாகுரோம் மற்றக் கலர் பிலிம்களைப் போன்றது அல்ல. மற்றவற்றில் நிறத்தை உண்டாக்கும் பொருள் பிலிமுக்குள்ளேயே இருக்கும். இதில் இருப்பது கருப்பு வெள்ளை அடுக்குகள்தான். கழுவும்போதுதான் ஒவ்வொரு அடுக்கிலும் நிறத்தை ஏற்றுவார்கள். கே-14 என்ற அந்த முறைக்குப் பெரிய இயந்திரமும், அதற்கென்றே செய்த ரசாயனங்களும் வேண்டும். புகைப்படக் கலைஞர்கள் ரகுபீர் சிங் இந்தியத் தெருக்களை எடுத்ததும், ஸ்டீவ் மெக்கரி 1984இல் ஆப்கான் சிறுமியை எடுத்ததும் இந்த பிலிமில்தான். 2009இல் கோடாக் அதை நிறுத்தியது. கடைசியாகத் தயாரான ரோலை மெக்கரியிடம் கொடுத்தார்கள். அதில் சில படங்களை அவர் இந்தியாவில் வந்து எடுத்தார். உலகத்தில் கடைசியாக இதைக் கழுவிய இடம் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் இருந்த ஒரு லேப். அவர்களும் 2010 டிசம்பர் 30க்குப் பிறகு வந்த ரோலை வாங்கவில்லை. அன்றோடு, உலகில் எங்கெங்கோ கழுவாமல் கிடந்த கோடாகுரோம் ரோல்கள் எல்லாவற்றிலிருந்தும் நிறம் போய்விட்டது.

கருப்பு வெள்ளையாக மட்டும் கழுவலாம். பிலிமின் முதுகில் கரிப்பூச்சு ஒன்று உண்டு. வெங்காரக் கரைசலில் ஊறவைத்து, பஞ்சால் துடைத்துத் துடைத்து அதை எடுத்தேன். கை எல்லாம் மசி. உள்ளே மஞ்சள் வடிகட்டியாக இருக்கும் வெள்ளி அடுக்கு போகாது என்பதால் நெகடிவ் தடித்துப்போய் வந்தது. ஸ்கேனரில் வைத்து இழுத்தபின் பந்தலும், அத்தையும், முகூர்த்தக்காலுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆத்தாவும் தெரிந்தார்கள். ஆத்தாவுக்குக் கலர் படமே கிடையாது. அச்சுப் போட்டுக் கொடுத்தபோது வீட்டில் ஒரு வழக்கு ஆரம்பித்தது. ஆத்தா அன்று கட்டியிருந்தது அரக்குச் சேலை என்கிறார் அத்தை. கிளிப்பச்சை என்கிறார் பெரியம்மா. “நாந்தான எடுத்துக் குடுத்தேன், எனக்குத் தெரியாதா?” என்று இருவருமே சொல்கிறார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டிய படம் கையில் இருக்கிறது, ஆனால் அதற்கு நிறம் தெரியாது. 2010 முடிவதற்குள் அனுப்பியிருந்தால் சொல்லியிருக்கும்.

இன்று காலாவதியான பிலிமைத் தேடிப்பிடித்துக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் மங்கலும் கறையும் தனி அழகு என்கிறார்கள். விளையாட்டாக எடுக்கலாம், தப்பில்லை. நானும் எடுத்தேன், நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் உங்களுக்கு வேண்டிய ஒரு முகத்தை அதில் எடுக்காதீர்கள். பழைய கேமராவில் ஆசை இருந்தால் புது ரோல் போடுங்கள். ஐம்பது வருடத்துக் கிளிக்கும் ஜெனிட்டும் அதற்குத் தயாராகவே இருக்கின்றன. கெட்டுப்போவது கேமரா அல்ல. பிலிமும், அதைக் கழுவும் ஆலையும் ரசாயனமும் கைத்தொழிலும்தான் ஒவ்வொன்றாகப் போகின்றன.

அதனால் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அலமாரியில், பீரோவின் லாக்கரில், பழைய கேமராவுக்குள்ளேயே கூட, எடுத்து முடித்துக் கழுவாத ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கேமராவின் பின்கதவைத் திறக்காதீர்கள். முதலில் ரோலை முழுக்கச் சுற்றி எடுங்கள். கலர் ரோலின் மேல் ‘சி-41’ என்று போட்டிருந்தால் கவலை வேண்டாம், அந்த முறையில் கழுவும் லேப்கள் இன்னும் நம் நாட்டில் இருக்கின்றன. கருப்பு வெள்ளையையும் கழுவித் தருகிறார்கள். எத்தனை நாளைக்கு என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். கழுவிய நெகடிவைப் பிளாஸ்டிக்கில் போடாமல் காகித உறையில், ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கேமராவைப் பிறகு நிதானமாகத் துடைத்துக்கொள்ளலாம். ரோலை இந்த மாதமே கழுவக் கொடுங்கள்.